கப்பலில் யாருக்கு எந்த ரூம்? கொங்குச் சீமையில் ஒரு சுற்று

திங்கள் – ஈரோடு, பவானி

எங்கள் பேரில் பிடித்து வைத்திருக்கும் கேபின்கள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரைதான் நிற்கும். அதற்குள் யாருக்கு எந்த ரூம் என்று எண் போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் கம்பெனி பொது விற்பனைக்கு விட்டுவிடும். ஏப்ரல் கடைசியில், பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிந்த கையோடு, சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புகிற கப்பல். கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருப்பதால் சென்னை, கொச்சி என்று அலைய வேண்டியதில்லை. ஆட்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் என் டிராவல்ஸுக்குப் பழைய வாடிக்கையாளர்கள். ஆளுக்கொரு ஊர்.

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் வந்த பதில்கள் இப்படி: "நல்ல ரூமாப் போடுங்க." "எல்லாரும் ஒரே வரிசையில." "எது சீப்போ அது." இதை வைத்து எண் போட முடியாது. அதனால் காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். அன்றன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

கிளம்பும் முன் பிரப் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கப்பலின் டெக் பிளானை, அதாவது எந்தத் தளத்தில் எது எங்கே என்று காட்டும் படத்தை, பிரிண்ட் எடுத்தேன். சாதாரணத் தாளில் இல்லை. பள்ளிக்கூடப் புராஜெக்டுக்கு வாங்குவார்களே, அந்தக் கண்ணாடித் தாளில். தளத்துக்கு ஒன்று, எல்லாம் ஒரே அளவில். ஒன்பதாம் தளத்தின் மேல் பத்தாம் தளத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், நம் கட்டிலுக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வீட்டுப் பிளானுங்களா? வாஸ்து பாக்கறதுக்கா?" என்றார். கிட்டத்தட்ட அதுக்குத்தானுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எந்தக் கப்பலை எடுத்தாலும் ரூம் நாலு வகைக்குள் அடங்கிவிடும். ஜன்னலே இல்லாத இன்சைட். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த சீ வியூ. கதவைத் திறந்து வெளியே நாற்காலி போட்டு உட்காருகிற பால்கனி. அதற்கும் மேலே தனி ஹால், பெரிய பாத்ரூம் என்று போகிற சூட். இன்சைட் பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடிக்குள் இருக்கும். பால்கனி ரூமும் உள்ளே ஏறக்குறைய அவ்வளவுதான். கூடக் கிடைப்பது வெளியே ஒரு நாற்பது, ஐம்பது சதுர அடி. விளம்பரப் படத்தில் எல்லாமே கல்யாண மண்டபம் அளவுக்குத் தெரியும், அதை நம்பக் கூடாது.

விலை இந்த வகையைப் பொறுத்துத்தான் ஏறுகிறது. ஆனால் போய்விட்டு வந்தவர்கள் என்னிடம் சொல்லும் குறையைக் கேட்டால், வகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விடிகாலையில் தலைக்கு மேலே யாரோ நாற்காலி இழுத்தார்கள், லிஃப்டுக்கு நடந்தே கால் போச்சு, ராத்திரி பூரா வயிற்றைப் புரட்டியது. எல்லாம் ரூம் இருந்த இடத்தைப் பற்றிய புகார். ஆகவே என் சுற்றில் யாரிடமும் "என்ன பட்ஜெட்?" என்று முதலில் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், எவ்வளவு தூரம் நடப்பீர்கள், மலை பஸ்ஸில் வாந்தி வருமா, இந்த மூன்றும்தான் கேள்வி.

சென்னையிலேயே கப்பல் இருக்கிறதே என்று குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கி, அடுத்த வருடம் இலங்கைக்கும் போன எம்ப்ரஸ், 1990-இல் கட்டிய கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி கொஞ்சம்தான் வைப்பார்கள். எங்கள் கூட்டத்தில் பால்கனிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் அதிகம், அதனால் சிங்கப்பூர்.

சாயங்காலம் பவானி. ஜமக்காளக் கடைக்காரர் வீடு. இவர் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தி, இருட்டில் ரெண்டு மணி நேரம் தூங்குகிற மனிதர். இன்சைட் ரூம் அவருக்காகவே கட்டியது: விளக்கை அணைத்தால் நடுப்பகலிலும் கை தெரியாது. அந்த இருட்டு ஆகாதவர்கள் டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா வருகிற சேனலைச் சத்தமில்லாமல் ஓட விட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான கப்பல்களில் அது உண்டு, விடிந்ததா இல்லையா என்பதும் அதில் தெரிந்துவிடும். இன்சைடுக்கும் ஏதாவது காட்சி தர வேண்டும் என்று கம்பெனிகளும் மெனக்கெட்டுத்தான் இருக்கின்றன. 1999-இல் வந்த வாயேஜர் ஆஃப் தி சீஸ் கப்பலில், உள்ளே இருக்கும் கடைத்தெருவைப் பார்த்தபடி ஜன்னல் வைத்த இன்சைட் ரூம்கள் உண்டு. 2011-இல் வந்த டிஸ்னி ட்ரீமில் வட்ட ஜன்னல் வடிவத் திரையில் வெளிக்கடலை நேரடியாகக் காட்டினார்கள்.

"நம்பர் இல்லாம வாங்குனா இன்னும் கொறையுமாமா?" என்றார். குறையும். கேரண்டி என்பார்கள். வகை மட்டும் உறுதி, எந்த இடம் என்பது கம்பெனி இஷ்டம். மற்றவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் இவர் வீட்டம்மா உள்ளேயிருந்தே, "எஞ்சின் மேல படுக்கப் போட்டாலும் தூங்குவாருங்க, நானும் பழகிட்டனுங்க" என்றார். கேரண்டி இன்சைட் என்று எழுதிக்கொண்டேன்.

செவ்வாய் – திருச்செங்கோடு வழியாக நாமக்கல்

பள்ளிபாளையம் பாலத்தில் காவிரியைத் தாண்டி, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே போனேன். நாமக்கல் மாமாவுக்குக் கோழிப்பண்ணை. நான் போகும்போது போனில் முட்டை விலையைப் பற்றி யாரிடமோ கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு, "வா அம்மிணி. நமக்கு மேல் மாடியில போட்டுரு. காசு போனாப் போகுது" என்றார்.

மேல் மாடி என்றால் உசத்தி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். விலையும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு தளம் ஏறும்போதும் கொஞ்சம் கூடும். மாமா கேட்ட உச்சித் தளத்தை டீப்பாய் மேல் விரித்து, அதற்கு மேல் தளத்தின் கண்ணாடித் தாளை அதன் மீது வைத்தேன். அவர் விரல் வைத்த ரூமுக்கு நேர் மேலே நீல நிறம். நீச்சல் குளம், சுற்றிலும் சாய்வு நாற்காலிகள்.

"குளத்துக்குப் பக்கத்துலதான, நல்லதுதான" என்றார்.

"பக்கத்துல இல்லீங் மாமா, மேலே. ராத்திரி தரை கழுவ நாற்காலியெல்லாம் இழுப்பாங்க. விடியறதுக்குள்ள மறுபடி இழுத்து வரிசையாப் போடுவாங்க."

மாமாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாலு மணிக்குத் தீவனம் போட எழுந்து பழகியவர், அந்நேரம் குளத்தங்கரையில் இவரே நடந்துகொண்டிருப்பார். சமையல்கட்டிலிருந்து அத்தை வந்தார். "அம்மிணி, இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து இவர்கூட நாலு மணிக்கு எந்திரிச்சுட்டு இருக்கறன். கப்பல்லயாவது எட்டு மணி வரைக்கும் தூங்கோணும். அதைப் பாத்துப் போடு."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. மேலேயும் ரூம், கீழேயும் ரூம் இருக்கிற தளம் எதுவோ அதுதான் தூங்குகிற தளம். மேலே படுத்திருப்பவர்களும் தூங்கத்தான் செய்வார்கள். குளம், பஃபே ஹால், ஜிம் இவற்றின் அடியிலும், தியேட்டர், டிஸ்கோ இவற்றின் மேலேயும் வேண்டாம். டிஸ்கோவின் பாட்டு கேட்காது, ஆனால் அந்த டம் டம் மட்டும் இரும்பு வழியாக ஏறி வந்து கட்டிலைத் தட்டும். கப்பலின் மூக்குப் பக்கம் கீழ்த்தளங்களில் இன்னொரு தொல்லை: துறைமுகத்துக்குள் நுழையும் அதிகாலையில் பக்கவாட்டில் தள்ளுகிற மோட்டாரைப் போடுவார்கள், சில இடங்களில் நங்கூரச் சங்கிலியும் இறங்கும். அலாரம் வைக்கத் தேவையில்லை.

பிளானில் எதுவுமே எழுதாமல் வெள்ளையாக விட்டிருக்கும் கட்டங்களையும் பார்க்க வேண்டும். அத்தைக்குக் காட்டினேன். அவை சும்மா இருக்கும் இடங்கள் இல்லை. சிப்பந்திகள் துணி, தட்டு வைக்கும் அறையோ, சாமான் தள்ளிப்போகிற வழியோ இருக்கும். அதை ஒட்டிய ரூம் என்றால் கதவு அடிக்கும் சத்தமும் தள்ளுவண்டிச் சக்கரமும் சேர்ந்துதான் வரும்.

மாமாவின் மகன் குடும்பமும் வருகிறது. இரண்டு ரூமுக்கும் நடுவே கதவு உள்ள ஜோடியாகப் போட்டேன். சொந்தக்காரர்களுக்குள் அது வசதி, பேரப்பிள்ளைகள் ராத்திரி இங்கே படுத்தாலும் கவலையில்லை. ஆனால் நடுக்கதவுள்ள ரூமைத் தனியாக எடுத்தால் அடுத்த ரூம்காரரின் இருமல் வரை கேட்கும். பிளானில் இரண்டு ரூமுக்கு நடுவே ஒரு சின்ன அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் அதுதான் நடுக்கதவு.

மதியம் அரிசியும் பருப்பும் சோறு, மேலே நெய். சாப்பிடும்போதே அத்தை மெல்லக் கேட்டார், சின்ன இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று. கூடவே கூடாது. அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, நீளமான ஸ்பைக் போர்டு எல்லாவற்றையும் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். கடலில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடமில்லை, அதனால் அதில் மட்டும் தயவு பார்ப்பதில்லை.

புதன் – அறச்சலூர், காங்கேயம்

ஈரோட்டைத் தாண்டி அறச்சலூர் ரோட்டில் மஞ்சள் வேகிற வாசம். களத்தில் கொட்டிக் காயப் போட்டிருந்தார்கள். காங்கேயத்தை நெருங்க நெருங்கத் தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதயாத்திரைக் கூட்டம். ரோட்டோரமாகப் பச்சை வேட்டியும் மஞ்சள் சேலையுமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். வண்டி ஊர்ந்துதான் போனது.

பெரியத்தை வீடு தோட்டத்துக்குள். எழுபதைத் தாண்டிவிட்டார். இரண்டு முழங்காலும் தேய்மானம், கைத்தடி. முன்கூடத்து ஆசாரத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. அவர் அந்த நிலைப்படியைத் தாண்டுவதைப் பார்த்தேன். இடது கையால் கதவு நிலையில் ஓரிடத்தைப் பிடித்து, தடியை அந்தப் பக்கம் ஊன்றி, ஒரு காலை வைத்து, கொஞ்சம் நின்று, அடுத்த காலை எடுக்கிறார். பிடித்துப் பிடித்து அந்த இடத்து மரம் மட்டும் வழவழவென்று கறுத்துப்போயிருக்கிறது.

கப்பலில் அவருக்கு அந்த நிலைப்படிதான் பிரச்சினை. சாதாரணக் கேபினில் பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க உயரமாகத் தடுப்பு வைத்திருப்பார்கள். பால்கனிக் கதவின் அடியிலும் ஒன்று இருக்கும். ராத்திரி இரண்டு முறை எழுகிறவருக்கு அது இடறும் இடம். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று கட்டிய கேபின்களில் வாசல் அகலம், தடுப்பு இல்லை, குளிக்கிற இடத்தில் உட்காரப் பலகை, சுவரெல்லாம் கைப்பிடி. ஒவ்வொரு கப்பலிலும் அவை கொஞ்சம்தான் இருக்கும். ரூம் பெரிதாக இருக்கிறது என்பதற்காக நல்ல கால் உள்ளவர்கள் அதைக் கேட்பது எனக்குப் பிடிக்காத விஷயம். கேட்டவர்களை மறுத்திருக்கிறேன், அதில் ஒரு வாடிக்கையாளர் போனதும் உண்டு. போகட்டும்.

அவர் மகன் கணக்கோடு தயாராக இருந்தார். "அம்மாவுக்கு இன்சைட் போதுமுங்க. படுக்கறதுக்குத்தான. எனக்கும் வீட்டுல இவங்களுக்கும் பால்கனி போட்டுருங்க."

இதைத்தான் நான் தலைகீழாக மாற்றச் சொன்னேன். மகனும் மருமகளும் காலையில் கீழே இறங்கினால் ராத்திரிதான் ரூமுக்கு வருவார்கள். கரை இறங்குவார்கள், ஷோ பார்ப்பார்கள், சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள். அவர்கள் பால்கனியில் உட்காரப் போவது மொத்தமாக ஒரு மணி நேரம். பெரியத்தை புக்கெட்டில் இறங்கப் போவதில்லை. நாள் பூராவும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடியவர் இந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். எங்களுக்கு வந்த குழு விலையில் இரண்டுக்கும் தலைக்குப் பதினெட்டாயிரம் வித்தியாசம். அந்தப் பணத்தை யார் உட்காருவாரோ அவருக்குச் செலவழிக்கலாமே.

மகன் யோசித்தார். அப்புறம், விலை குறைந்த பால்கனி ஒன்று இருக்கிறதாமே என்றார். இருக்கிறது, உயிர்காப்புப் படகு மறைக்கிற இடங்கள். சில ரூம்களில் முன்னால் ஆரஞ்சுக் கூரை மட்டும்தான் தெரியும், சிலவற்றில் படகு கீழே இருப்பதால் குனிந்தால்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு: சில கப்பல்களில் கீழ்த்தளப் பால்கனிகளுக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பதில் இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். நிற்கிறவருக்குக் கடல் தெரியும். உட்கார்ந்திருக்கிறவருக்கு வெள்ளைப் பெயிண்ட் தெரியும். பெரியத்தைக்கு அது உதவாது.

அடுத்தது நடை. இந்த அளவுக் கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம். பெரும்பாலும் தியேட்டர் மூக்குப் பக்கம், சாப்பாட்டு ஹால் வால் பக்கம். வாலில் ரூம் எடுத்தால் ஷோ பார்க்க ஊரைக் கடப்பதற்குச் சமம். லிஃப்ட் இரண்டு மூன்று இடங்களில் கூட்டமாக இருக்கும். லிஃப்டுக்கு எதிரேயே எடுத்தால் ராத்திரி பன்னிரண்டுக்கும் சிரிப்புச் சத்தம். அதனால் லிஃப்ட் கூடத்திலிருந்து திரும்பி, நடைபாதையில் நாலைந்து கதவு தள்ளி. நடு லிஃப்டுக்கு அருகே, கண்ணாடித் தடுப்புப் பால்கனியோடு, தடுப்பில்லாப் பாத்ரூம் உள்ள கேபின் ஒன்று காலியாக இருந்தது. மருமகள் மாமியாரோடு அந்த ரூமில் படுத்துக்கொள்கிறேன் என்றார். மகனுக்கும் அவர் பையனுக்கும் எதிர்வரிசையில் இன்சைட்.

பெரியத்தை அதுவரை ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "கண்ணு, கதவைத் திறந்து வெச்சுட்டுப் படுக்கலாமா?" என்றார். படுக்கலாம், ஆனால் ஏசி நின்றுவிடும், புழுக்கமான காற்று வரும். அதோடு எதிரே யாராவது ரூம் கதவைத் திறந்தால் ஒரு காற்று அடித்துக் கதவு கையை நசுக்கிவிடும். உட்காரும்போது சாத்திவிட்டு வெளியே உட்காருங்கள் என்று சொல்லி வந்தேன்.

வியாழன் – திருப்பூர்

பகல் முழுக்க டிராஃபிக். இரண்டு வீடு.

முதல் வீடு, போன ஆவணியில் கல்யாணமான என் தங்கை மகள். பால்கனி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. சிங்கப்பூரிலிருந்து கப்பல் மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போகும். போகும்போது சூரியன் மறைவது இடப்பக்கம், திரும்பி வரும்போது அதே காட்சி வலப்பக்கம். ஆக, சரிபாதி. எதிரே வரும் கப்பல்கள் வழக்கமாக இடப்பக்கமாகத்தான் கடக்கும். உலகத்திலேயே கப்பல் நெருக்கடி மிகுந்த வழிகளில் அது ஒன்று என்பதால் அதுவும் வேடிக்கைதான். மாப்பிள்ளை இடப்பக்கம் என்று சொல்லிவிட்டார். வாலில் பின்னோக்கிப் பார்த்த பால்கனிகளையும் அவர்கள் கேட்டார்கள். நுரைத்தடம் நீளமாகத் தெரியும், அழகுதான். ஆனால் பல கப்பல்களில் அவை படிப்படியாக அமைந்திருக்கும், மேலே நிற்கிறவர் குனிந்தால் கீழே இருப்பவர் தெரிவார். புதுசாகக் கல்யாணமானவர்கள் யோசித்துக்கொள்ளட்டும். யோசித்தார்கள். வேண்டாம் என்றார்கள்.

இரண்டாவது வீடு பனியன் கம்பெனிக்காரர். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நாலு பேரும் ஒரே பால்கனி ரூமில் என்றார். மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பது உண்மை, பெரும்பாலான கம்பெனிகளில் முதல் இரண்டு பேருக்குத்தான் முழு விலை. பிள்ளைகளுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மடக்குக் கட்டில். ஆனால் கம்ப்யூட்டரில் போட்டால் அந்த வரிசையில் நாலு பேர் எடுக்கவில்லை, மூன்று பேர்தான் என்றது. ரூமில் நாலு கட்டில் இருக்கிறது!

காரணம் ரூமில் இல்லை, படகில். ஒவ்வொரு கேபினுக்கும் இந்த இடத்தில் கூட வேண்டும், இந்தப் படகில் ஏற வேண்டும் என்று முன்பே பிரித்து வைத்திருப்பார்கள். அந்த இடத்துக்கான கணக்கு நிறைந்துவிட்டால் கட்டில் காலியாக இருந்தாலும் ஆளை ஏற்ற மாட்டார்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது கப்பலில் இருந்தவர்கள் 2,200 பேருக்கு மேல். படகுகளில் இருந்த இடமோ 1,178. அதற்குப் பிறகு 1914-இல் வந்த உடன்படிக்கையிலிருந்து வளர்ந்த கண்டிப்பு இது. கப்பலின் மறுபக்கத்தில் தேடினால் நாலு பேருக்கு இடம் கிடைத்தது. அதற்குள் வீட்டம்மா வேறு கேள்வி கேட்டார்: "நாலு பேருக்கு ஒரே பாத்ரூமா?"

ஒரே பாத்ரூம்தான், அதுவும் திரும்பினால் முழங்கை இடிக்கும். நடுக்கதவுள்ள இரண்டு இன்சைட் எடுத்தால் விலை ஏறக்குறைய அதே அளவு, பாத்ரூம் இரண்டு. பிள்ளைகள் மேல்தளத்தில் சறுக்கு விளையாட்டை விட்டு வரப்போவதில்லை, பால்கனியை யார் பார்ப்பது? ஒத்துக்கொண்டார்கள். வீட்டில் இருந்த காந்தக் கொக்கிகளை நாலைந்து எடுத்துப் போகச் சொன்னேன். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடுதான், ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியைப் பால்கனிக் கம்பியில் காயப்போட விட மாட்டார்கள். திருப்பூர்க்காரர்களிடம் துணி காயப் போடுவதைப் பற்றிப் பேசினால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

வெள்ளி – பொள்ளாச்சி

பல்லடம் வழியாகப் போய்ச் சேரும்போது பதினொன்று. சித்தப்பா இளநீர் சீவி வைத்திருந்தார். ஓய்வு பெற்றவர், குழுவிலேயே கடைசியாகப் பணம் கட்டியவர். அவருக்குக் கடல் ஆசை உண்டு, வயிறுதான் பயம். வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு, அதில் பத்தாவது வருவதற்குள் பையை எடுத்துவிடுவார்.

"கப்பல் ஆடும்ல அம்மிணி?"

ஆடாது என்று விற்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். ஆடும். இரண்டு விதமாக. மூக்கும் வாலும் மாறி மாறி ஏறி இறங்குவது ஒன்று. இடமும் வலமுமாகச் சாய்வது இன்னொன்று. முதலாவதற்கு நடுப்பகுதிதான் தப்பிக்கும் இடம்.

"வால்பாறை பஸ்ஸுல எங்க உக்காருவீங் சித்தப்பா?"

"நடுவுலதான். கடைசி சீட்டு தூக்கித் தூக்கிப் போடும்ல."

அதேதான். பக்கவாட்டுச் சாய்வில் உயரம் சேர்கிறது: மேல்தளத்தில் வீச்சு அதிகம், தண்ணீர் மட்டத்தை நெருங்க நெருங்கக் குறைவு. இந்தச் சாய்வைக் குறைக்கக் கப்பலின் வயிற்றில் இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் நீட்டிக்கொள்ளும் இறக்கைகள் உண்டு. மூக்கு ஏறி இறங்குவதை அவை ஒன்றும் செய்ய முடியாது. வாலில் இன்னொரு சங்கடம், சுழலியின் அதிர்வு தரையில் தெரியும். ஆகவே சித்தப்பாவுக்கு நடு, கீழ். அதாவது காசு குறைவான இடங்களிலேயே வயிற்றுக்கு நல்ல இடம் இருக்கிறது. அவருக்கு முகம் மலர்ந்தது இந்த வரியில்தான்.

இன்சைட் போட்டுவிடலாம் என்றார். அங்கே நான் தடுத்தேன். குமட்டும்போது தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் நிதானம் வரும். கண்ணும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் ஒரே சேதி சொன்னால் மூளை குழம்பாது. ஜன்னல் இல்லாத ரூமில் அது நடக்காது. அதனால் நாலாம் ஐந்தாம் தளத்தில் நடுவே சீ வியூ. அவர் மலை ஏறும் முன் போடுகிற அவோமின் மாத்திரையைக் கப்பலிலும் முன்கூட்டியே போட வேண்டும், ஆனால் இரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்பதால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

போகும் வழியும் அவருக்குச் சாதகம். மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. பெரிய அலை உள்ளே வர வழியில்லை. பினாங்கைத் தாண்டிப் புக்கெட்டுக்குப் போகும்போதுதான் அந்தமான் கடல் திறக்கும். அங்கே அலை எழுவது தென்மேற்குப் பருவக்காற்று பிடித்த பிறகு, மே மாதத்துக்கு மேல். ஏப்ரல் கடைசி பெரும்பாலும் அமைதிதான். சித்தி அதுவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எனக்கு மட்டும் மேல ஒரு பால்கனி போட முடியுமா?" என்றார். சித்தப்பா திரும்பிப் பார்த்த பார்வையை எழுத முடியாது. தனி ஆளாக எடுத்தால் ஒருவருக்கே ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் என்றதும் சித்தி விட்டுவிட்டார். காங்கேயத்துப் பெரியத்தை பால்கனிக்குப் பகலில் போய்க்கொள்ளலாம் என்று முடிவானது. பெரியத்தையிடம் இன்னும் கேட்கவில்லை.

அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே லேப்டாப்பை வைத்து மொத்தப் பட்டியலையும் அனுப்பினேன். நாலரைக்கு உறுதிக் கடிதம் வந்தது. நாலே முக்காலுக்கு நாமக்கல் மாமா போன் செய்து, குளத்துக்கு அடியிலேயே போட்டால்தான் என்ன, அத்தைக்குக் காதில் பஞ்சு வைத்துவிடலாமே என்றார். போனை அத்தையிடம் கொடுக்கச் சொன்னேன். மாற்றம் எதுவும் இல்லை.

இனி விசா வேலை. கப்பல் சிங்கப்பூரில் புறப்பட்டு அங்கேயே திரும்புவதால் இரண்டாம் முறை உள்ளே நுழையவும் விசா செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட்டில் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். முதல் பக்கம், கடைசிப் பக்கம் நகலும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவும் திங்கட்கிழமைக்குள் எனக்கு வந்தாக வேண்டும். திருப்பூர்க்காரர்கள் பிள்ளைகளுடையதையும் சேர்த்து அனுப்புங்கள், சின்னவன் பாஸ்போர்ட் ஜூலையில் முடிகிறது, அதை முதலில் புதுப்பிக்க வேண்டும்.